பழைய ஐரோப்பிய டீசல் கார் வாங்கலாமா? அழகு, நம்பகம், இன்ஜின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத்திலோ நட்பிலோ யாராவது பழைய ஐரோப்பிய வண்டி பார்க்கக் கிளம்பினால், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு என்று பத்து வருடமாக இது நடக்கிறது. போகிற வழியெல்லாம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐரோப்பிய டீசல் என்றால் பழைய வண்டி மட்டும்தானா? புதிதாக எதுவும் வருவதில்லையா?

2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி, ரெனோ ஆகியவை இந்தியாவில் டீசலை விட்டுவிட்டன. ஃபியட் கார் விற்பதையே நிறுத்தியது. வால்வோ 2024 மார்ச்சில் தன் கடைசி டீசல் காரைச் செய்து முடித்தது. மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ போன்ற சிலர்தான் புது டீசல் விற்கிறார்கள். அவை ஆன்ரோடு விலையில் அரைக் கோடியைத் தாண்டும். ஆகவே நடுத்தரக் குடும்பத்துக்கு ஐரோப்பிய டீசல் என்றால் செகண்ட் ஹேண்ட்தான். இந்தப் பதில்களும் அதை மனதில் வைத்து எழுதியவை.

எனக்கு டீசல் வேண்டுமா, பெட்ரோல் போதுமா?

மாத ஓட்டத்தை முதலில் சொல்லுங்கள். கற்பனையாக இல்லாமல், போன வருடம் ஓடியதை ஓடோமீட்டரில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரே அளவுள்ள இரண்டு செடான்களை எடுத்துக்கொள்வோம். 2 லிட்டர் டீசல் லிட்டருக்கு 16 கிலோமீட்டர், டர்போ பெட்ரோல் 11 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்றும் வைப்போம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு டீசலில் 8,600 ரூபாய் வாக்கில் ஆகும், பெட்ரோலில் 13,800 ரூபாய் வாக்கில் ஆகும். மாதம் 5,000 ரூபாய் மிச்சம் என்பது நல்ல பணம். அதே ஆள் மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார் என்றால் வருடம் முழுவதற்கும் மிச்சம் 20,000 ரூபாய். ஜெர்மன் சொகுசு வண்டிக்கு டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்றே ஒன்றைப் புதிதாக மாற்றினால் அது காலி.

பணக் கணக்கைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நவீன டீசல் இன்ஜின் நீண்ட ஓட்டத்துக்குப் பிறந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கு 3 கிலோமீட்டர், பள்ளியிலிருந்து மார்க்கெட்டுக்கு 2 கிலோமீட்டர் என்று ஓட்டினால் அது சூடேறுவதற்குள் நீங்களே அணைத்துவிடுவீர்கள். சூடேறாத டீசல் கரியைச் சேர்க்கும். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வு அடைக்கும், புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் அடைக்கும், பிறகு "ஐரோப்பிய வண்டியே இப்படித்தான்" என்று வண்டிக்குக் கெட்ட பெயர் வரும். வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடாத வண்டி என்றால் பெட்ரோல் வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் வேலை நிமித்தம் வாரா வாரம் சேலம், ஓசூர் போகிறவர் என்றால் டீசலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஸ்கோடா லாராவில் வந்த 140 குதிரைத்திறன் 2.0 டிடிஐ (ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டீசல் இன்ஜின்), 1,750 ஆர்பிஎம்மிலேயே 320 நியூட்டன் மீட்டர் இழுவை தரும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரை மாற்றாமல், இன்ஜினைக் கத்தவிடாமல், ஐந்து பேரோடு ஏறிப் போகலாம். அந்தச் சுகம் தெரிந்தவர்கள் பெட்ரோலுக்குத் திரும்பத் தயங்குவதில் ஆச்சரியம் இல்லை.

அழகைப் பார்த்து கார் வாங்குவது தப்பா?

இல்லை. இதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். பத்து வருடம் வாசலில் நிற்கப்போகிற பொருள். பிடித்த வண்டியைத்தான் மனிதர்கள் துடைத்து வைக்கிறார்கள், ஆயில் தேதியை நினைவில் வைக்கிறார்கள். பிடிக்காமல் வாங்கிய வண்டி இரண்டாவது வருடமே அழுக்கேறி நிற்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அழகும் நல்ல டீசலும் ஒன்றாக வந்த வண்டிகள் வரலாற்றில் உண்டு. இன்று எல்லா டீசல் காரிலும் இருக்கும் காமன் ரெயில் முறை (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போவது) முதன்முதலில் வந்த கார்களில் ஒன்று ஆல்ஃபா ரோமியோ 156. வருடம் 1997. வால்டர் டி சில்வா வடிவமைத்த கார் அது. பின்கதவுக் கைப்பிடியைக் கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் மறைத்து, நான்கு கதவுக் காரை இரண்டு கதவுக் காராகத் தோன்றவைத்தார். நம் ஊரில் அந்தக் கார் விற்கவில்லை. 2009 இல் இங்கே வந்த ஃபியட் புன்டோ, ஜார்ஜெட்டோ ஜுஜாரோவின் கைவண்ணம். இன்றைக்கும் சிக்னலில் ஒரு சிவப்புப் புன்டோ பக்கத்தில் வந்து நின்றால் நான் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை.

ஆனால் அழகுக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. அதை வாங்கும்போதே கணக்கில் சேருங்கள். 18 அங்குல அலாய் வீல் பார்க்க ஜோர். அதில் மாட்டிய டயரின் பக்கச்சுவர் குட்டையாகத்தான் இருக்கும். ஒரு பள்ளத்தில் விழுந்தால் டயர் பக்கவாட்டில் புடைத்துவிடும், வீல் வளைந்தாலும் வளையும். எல்இடி ஹெட்லைட்டுகள் பழுதானால் பெரும்பாலும் பல்பு மட்டும் மாற்ற முடியாது, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும். வெயிலில் நின்ற ஜெர்மன் வண்டிகளில் கூரைத் துணியின் பசை இளகி, பின்சீட்டில் உட்கார்ந்தவர் தலையில் துணி தொங்கும். விற்க வரும் வண்டியில் அந்தத் துணியைக் குண்டூசி குத்தி நிறுத்தியிருந்தால் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே குண்டூசி என்றால், தெரியாத இடத்தில் என்ன செய்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

ஜப்பான் வண்டி மாதிரி நம்பி ஓட்ட முடியுமா?

நம்பகம் என்பதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். எத்தனை தடவை கெடுகிறது என்பது ஒன்று. கெட்டால் எவ்வளவு செலவாகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்பது இன்னொன்று. ஐரோப்பிய வண்டி முதலாவதில் பலர் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. இரண்டாவதில்தான் கையைக் கடிக்கும். ஜப்பான் வண்டி பராமரிப்பில் அலட்சியத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஐரோப்பிய வண்டி பொறுக்காது.

ஐரோப்பிய டீசல் நம் ஊர் வெயிலுக்கும் ரோட்டுக்கும் ஆகாது என்பது மட்டும் சரியில்லை. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊரே ஏறிப் போகிற டெம்போ டிராவலரில் இருப்பது மெர்சிடிஸின் ஓஎம்616 இன்ஜின் வழிவந்ததுதான். மலைத்தோட்டங்களில் ஓடிய பழைய மஹிந்திரா ஜீப்புகள் பலவற்றில் இருந்தது பெஜோ டீசல். ஸ்விஃப்ட், டிசையர் டீசலை லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிய டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் ஓட்டியது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1,248 சிசி. மாருதி, டாட்டா, ஃபியட் மூன்றும் போட்டதால் அதற்கு 'தேசிய இன்ஜின்' என்று பட்டப்பெயரே உண்டு.

ஆகவே எந்த நாட்டு வண்டி என்று கேட்காதீர்கள். எந்த இன்ஜின், எந்த வருடம், யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். கூடவே உங்கள் ஊரைப் பாருங்கள். அந்த பிராண்டுக்குரிய ஸ்கேனரும் அனுபவமும் உள்ள தனி மெக்கானிக் ஒருவர் 50 கிலோமீட்டருக்குள் இருக்கிறாரா? கோவையிலும் சென்னையிலும் இருப்பார்கள். சின்ன ஊரில் இருந்துகொண்டு ஒவ்வொரு வார்னிங் லைட்டுக்கும் டோ வண்டி கூப்பிடுகிற நிலைமை என்றால் அந்த பிராண்ட் உங்களுக்கு வேண்டாம்.

எந்த இன்ஜின்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

பிஎம்டபிள்யூவில் 2007 முதல் வந்த என்47 டீசல் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். 320டி, 520டி வண்டிகளில் இருக்கும். இதில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் தேய்ந்தால் மாற்றுவதற்கே இன்ஜினை இறக்க வேண்டும், மாற்றாமல் விட்டு அறுந்தால் இன்ஜினே போய்விடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) பக்கம் காதை வையுங்கள். இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் வந்தால் பேரம் பேசக்கூட நிற்க வேண்டாம். 2014 முதல் வந்த பி47 இன்ஜினில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. அதோடு 2018 இல் தென்கொரியாவில் 520டி வண்டிகள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. ஈஜிஆர் கூலர் கசிவுதான் காரணம் என்று ஒரு லட்சத்துக்கும் மேலான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். நீங்கள் பார்க்கும் வண்டிக்கு ரீகால் வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்து டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

மெர்சிடிஸ் ஓஎம்651 அடிப்படையில் உழைக்கிற இன்ஜின். ஆரம்ப வருட வண்டிகளில் பியசோ வகை இன்ஜெக்டர்கள் தொல்லை கொடுத்தன. பிறகு அவற்றைச் சாலினாய்டு வகைக்கு மாற்றினார்கள். மாற்றிய பில் இருந்தால் அந்த வண்டிக்கு மதிப்பு கூடுதல்.

ரெனோவின் 1.5 டிசிஐ, ஒரகடத்தில் செய்த டஸ்டரில் 2012 முதல் வந்தது. எளிமையான, மைலேஜ் தருகிற இன்ஜின். ஆனால் செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் உள்ளது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 1.6, 2.0 டிடிஐகளிலும் பெல்ட்தான். பெல்ட் கிலோமீட்டரால் மட்டுமில்லை, வயதாலும் கெடும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாங்கிய வாரமே வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்பதில் தப்பில்லை.

ஃபியட் லீனியா, புன்டோவில் நிலைமை விசித்திரமானது. இன்ஜின் செயின் வகை. ஃபில்டர் போன்ற இன்ஜின் சாமான்களில் பல, ஸ்விஃப்ட் புண்ணியத்தில் எந்த ஊரிலும் கிடைக்கும். பம்பர், ஹெட்லைட், கதவுப் பட்டி கிடைக்கத்தான் அலைய வேண்டும். எந்த அழகுக்காக வாங்கினோமோ அந்த அழகு அடிபட்டால்தான் சிரமம். ஆகவே இந்த வண்டிகளில் பாடி முழுசாக, ஒரிஜினல் பெயின்ட்டோடு இருப்பதைத் தேடுங்கள். இன்ஜினைச் சரிபண்ணிக்கொள்ளலாம்.

டிபிஎஃப் என்கிறார்கள், அது என்ன? எடுத்துவிட்டால் பிரச்சினை தீருமாமே?

டீசல் புகையில் இருக்கும் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. சைலன்சர் வரிசையில் உட்கார்ந்திருக்கும். பிஎஸ்6 டீசல் கார்களில் உண்டு, அதற்கு முந்தைய சில சொகுசு வண்டிகளிலும் உண்டு. நிறைந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசல் செலுத்தி, 600 டிகிரி வரை சூடாக்கிக் கரியை எரிக்கும். இதைத்தான் ரீஜென் என்பார்கள். அப்போது ஐடில் ஆர்பிஎம் சற்று ஏறியிருக்கும், வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் ஓடும், சூட்டு வாடை வரும். அந்த நேரத்தில் அணைக்காமல் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிடுங்கள். பாதியில் அணைப்பது பழக்கமானால் எரியாத டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் அதுதான் காரணம்.

ஆயில் விஷயத்தில் எனக்கே அடிபட்ட அனுபவம் உண்டு. என் பழைய வண்டிக்கு ஒரு ஒர்க்ஷாப்பில் "எல்லாம் 5டபிள்யூ30 தான் சார்" என்று கையில் இருந்த ஆயிலை ஊற்றினார்கள். ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண் சரி, ரகம் தப்பு. டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கு 507.00, பிஎம்டபிள்யூவுக்கு எல்எல்-04, மெர்சிடிஸுக்கு 229.51 என்று டப்பாவின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. சேர்ந்துகொண்டே போகும். ஒன்றரை வருடம் கழித்து வண்டி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் கட்டுப்படுத்தும் லிம்ப் மோடுக்குப் போய், பெருந்துறைக்கு முன்னால் இரவு பத்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வந்தோம். அன்றிலிருந்து ஆயில் டப்பாவை நானே வாங்கிக்கொண்டுதான் சர்வீசுக்குப் போகிறேன்.

எடுத்துவிடலாமா என்றால், கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், உங்கள் பின்னால் ஸ்கூட்டரில் நின்றபடி வருகிற குழந்தையின் மூச்சுக்குள் போகிறது அந்தக் கரி. நீங்கள் வாங்கும் வண்டியில் முன்னவர் எடுத்துவிட்டாரா என்று தெரிய ஒரு எளிய வழி: சைலன்சர் குழாயின் உள்பக்கம் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். டிபிஎஃப் ஒழுங்காக இருந்தால் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். மை மாதிரி ஒட்டினால் கேள்வி கேளுங்கள்.

ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கான டிஎஸ்ஜியில் இரண்டு வகை. 7 கியர் டிரை கிளட்ச் டிகியூ200 நகர நெரிசலில் சூடாகும், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் பெரிய செலவு. லாரா, ஆக்டேவியா, சூப்பர்ப் 2.0 டிடிஐயில் வந்த 6 கியர் வெட் கிளட்ச் வகை தெம்பானது. ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றியே ஆக வேண்டும். பிஎம்டபிள்யூவில் வரும் 8 கியர் இசட்எஃப் ஆட்டோமேட்டிக் பற்றி எனக்குக் குறை இல்லை.

வண்டி பார்க்கப் போகும்போது என்ன செய்வீர்கள்?

அக்கா மகனுக்காகத் திருப்பூரில் ஒரு நீல நிற செடான் பார்க்கப் போனோம். "மாமா, கலரை மட்டும் பாருங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். நிஜமாகவே அழகுதான், மாலை வெயிலில் தண்ணீர் மாதிரி இருந்தது. பானெட் மேல் கை வைத்தேன், சுட்டது. "இப்பத்தான் கடைக்குப் போய்ட்டு வந்தேங்க" என்றார் விற்பவர். சரி, நாளைக்குக் காலையில் வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு திரும்பினோம்.

மறுநாள் ஆறு மணிக்குப் போனபோது பானெட் சில்லென்று இருந்தது. சாவி போட்டதும் இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் பிடித்தது. வெள்ளைப் புகை நிற்க நேரமானது. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து ஆவி புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டது. பிஸ்டன் ரிங் தேய்ந்ததற்கு அடையாளம். முந்தின நாள் சூட்டில் இது எதுவுமே தெரியவில்லை. மருமகன் முகம் வாடிவிட்டது, எனக்கும் வருத்தம்தான். அவனுக்கு வேறு வண்டி கிடைக்க நான்கு மாதம் ஆனது, நிறம் வெள்ளை.

இதற்கு மேல் ஒன்றே ஒன்று: ஸ்கேனரோடு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். டேஷ்போர்டில் 70,000 கிலோமீட்டர் காட்டும், வேறு கன்ட்ரோல் யூனிட்டில் 1,60,000 பதிந்திருக்கும். மீட்டரைத் திருப்புகிறவர்கள் எல்லா இடத்திலும் திருப்புவதில்லை.

டெல்லி வண்டி பாதி விலைக்கு வருகிறதே?

டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசலுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 இல் தடை சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018 இல் அதை உறுதிப்படுத்தியது. அந்த வயதை நெருங்கும் வண்டிகள் தெற்கே மலிவாக வரத் தொடங்கியது இதனால்தான். மலிவு என்பதாலேயே மோசம் என்று இல்லை. ஆனால் என்ஓசி (அங்குள்ள ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று), இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாம் சேர்த்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். என்ஓசி கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

2015 டீசல் மோசடிக்குப் பிறகும் டிடிஐ வாங்கலாமா?

சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் வைத்திருந்தது அந்த செப்டம்பரில் வெளிவந்தது. உலகம் முழுக்க 1.1 கோடி வண்டிகள். இந்தியாவில் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இன்ஜின் உழைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் மக்களை ஏமாற்றியது ஏமாற்றியதுதான், அதை மனதில் வைத்து வேண்டாம் என்பவரிடம் நான் வாதாட மாட்டேன்.

இன்றைக்கு உங்கள் பணத்தில் வாங்குவதென்றால்?

6 லட்சத்துக்குள் என்றால் 1.3 மல்டிஜெட் 90 குதிரைத்திறன் லீனியா, ஒரே ஓனர், பாடியில் புட்டி வேலை இல்லாதது. அதற்கு மேல் கையில் இருந்தால் 2.0 டிடிஐ ஆக்டேவியா, மேனுவல் கியர், பெல்ட் மாற்றிய பில்லோடு. பட்ஜெட்டில் ஒரு லட்சத்தை வண்டி வாங்கச் செலவழிக்காமல் முதல் வருடத்துக்குத் தனியாக எடுத்து வைப்பேன். நிறம் கேட்டால், லீனியாவில் அந்த அடர்சிவப்பு.